அந்த ஒரு கிரீச்

ஷில்லாங்கில் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடங்கள் விட்டுவிட்டால் அப்புறம் சாலை என்று ஒன்று கிடையாது, வரிசையாக நிற்கும் வண்டிகள்தான் உண்டு. தான்கேட்டி வளைவில் டெய்போரின் கறுப்பு மஞ்சள் டாக்சி இருபது நிமிடமாக ஒரே மோமோ கடையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மழை வேறு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஐந்து பேர் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெரிசல் அவனுக்குப் பழக்கம்தான். பழக்கமில்லாதது அந்தப் பாட்டு. பதினேழு வருடம் வாயே திறக்காமல் கிடந்த 'ஈர ஞாயிறு' குழு, இன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் புதுப் பாட்டு ஒன்றை வெளியிட்டிருந்தது. ஊருக்கே பித்துப் பிடித்துவிட்டது. டெய்போர் ரேடியோவை அணைத்து, சாப்பாட்டுக் கடைப் பக்கம் போகாமல், அப்போதிலிருந்து காதைக் காப்பாற்றி வைத்திருந்தான். இங்கே வந்து வசமாக மாட்டிக்கொண்டான். முன்னால் நின்ற வண்டியில் அந்தப் பாட்டு, மோமோ கடையில் அந்தப் பாட்டு, பின்சீட்டில் ரிடாஹுன் என்கிற கல்லூரிப் பெண்ணின் போனிலும் அதே பாட்டு.

முதல் நாலு அடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? அது அவன் அடித்த டிரம்ஸ்.

"இந்த இடத்த கேளு, கேளு!" ரிடாஹுன் சத்தத்தைக் கூட்டினாள். இரண்டாம் சரணம் முடிந்து கிடார் ஓய்கிற இடத்தில், மெல்லியதாக ஒரு 'கிரீச்'. பிறகு டிரம்ஸ் இடிபோல இறங்கியது.

"கதவு திறக்குற சத்தம்டி," என்றான் அவளோடு படிக்கும் ஷான்போர். "பதினேழு வருஷமா பூட்டிக் கெடந்த கதவு. கமெண்ட்ல எல்லாரும் அதத்தான் போட்டிருக்காங்க. ஒருத்தர் அது சொர்க்கத்தோட கதவுங்கறாரு."

"எனக்கு அழுகையே வந்துடுச்சுப்பா."

"பாட்டா இது?" முன்சீட்டில் காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த பிடாலின் அக்கா, அந்த ஊர் வழக்கில் கொங் பிடாலின், அலுத்துக்கொண்டாள். "தகர டப்பாவ மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி இருக்கு. இந்தா தம்பி, நீ இதப் போடு." வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பச்சைப் பாக்கோடு நீட்டினாள். டெய்போர் வாங்கி வாயில் அடக்கிக்கொண்டான். வாயில் ஏதாவது இருப்பது நல்லது என்று தோன்றியது.

பின்சீட்டின் மூன்றாவது ஆள், நனைந்த குடையைக் காலுக்கிடையில் வைத்திருந்த ஐம்பது வயதுக்காரர், தொண்டையைச் செருமினார். "டிரம்ஸ் அடிச்சது யாருன்னு பாத்தீங்களா? பாடகர் அடெல்பர்ட்டோட அக்கா மகன். பத்தொம்பது வயசு. மாமன் பாட, மருமகன் அடிக்க, என்னா அடி! அந்தப் பழைய டிரம்மர் டெய்போர் இருந்தானே, குடிகாரப் பய, நூறு வருஷம் கத்துக்கிட்டாலும் அவனுக்கு இது வராது. பதினேழு வருஷத்துக்கு முன்னாடி மைதானத்துல அவங்க கடைசிக் கச்சேரி நடந்த அன்னைக்கி நான் இருந்தேன். பாதிப் பாட்டுல தாளத்த விட்டுட்டு முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தான். கண்ணாடி பாட்டில எடுத்து வீசினேன் பாருங்க, குறி தப்பல."

தப்பவில்லைதான். டெய்போரின் வலது புருவத்தில் இன்னும் தழும்பு இருந்தது.

அன்று அவன் குடித்திருந்ததும் உண்மை. டிரம்மர்தான் எங்களை அழித்தான் என்று அடெல்பர்ட் பத்திரிகையில் சொன்னபோது பதில் பேச அவனுக்கு வாயில்லை. ஆனால் அதற்கு முந்திய வாரம், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த கூடத்தில், இரண்டு நாள் சொட்டுக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து அடித்துப் பதிவு செய்தானே, அது இந்தப் பாட்டுக்கு. அதை எடுத்து மருமகன் பெயரில் போட்டிருக்கிறார்கள். அப்போது இடுப்பு வரை முடி, இப்போது வழுக்கையும் தொந்தியும். டிரம்ஸ்காரன் முகத்தை அன்றைக்கே யார் பார்த்தார்கள்?

"அது கதவில்ல," என்றான் டெய்போர். பாக்கையும் மீறி வார்த்தை வெளியே வந்துவிட்டது. "ஸ்டூல்."

"என்ன ஸ்டூல் மாமா?"

"டிரம்ஸ் அடிக்கிறவன் உக்கார்ற ஸ்டூல். ஒரு கால் குட்டை. அடியில பைபிள் வகுப்பு நோட்டு ஒண்ண மடிச்சு வெச்சிருந்தாங்க. இடது பக்கம் சாஞ்சா கத்தும்."

ஷான்போர் தொடையைத் தட்டிச் சிரித்தான். "கூடவே இருந்த மாதிரி சொல்றீங்களே மாமா!"

பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் குடைக்காரர் முந்திக்கொண்டார். "டெய்போர் இருந்தா கேக்கலாம். அவன்தான் குவாஹாத்தியில ஈரல் கெட்டுப் போய்ச் சேந்துட்டானே. என் மச்சான் அடக்கத்துக்கே போயிருந்தான்."

டெய்போர் பாக்குச் சாற்றை விழுங்கினான். தலை சுற்றியது. முன்னால் ஒரு வண்டி அரை அடி நகர்ந்தது, அவனும் அரை அடி நகர்த்தினான்.

"இத அந்தக் குழுவோட பக்கத்துலயே போடப் போறேன்," என்று ரிடாஹுன் தட்டச்சு செய்தாள். "'டாக்சி மாமா ஒருத்தர், அது கதவில்ல, குட்டைக் கால் ஸ்டூல், அடியில பைபிள் நோட்டுன்னு சொல்றாரு.' போட்டாச்சு. ஐயோ, அதுக்குள்ள நாப்பது பேர் சிரிச்சிட்டாங்க!"

நாற்பது எண்பதாகி நூற்றைம்பதானது. அவள் ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொன்னாள். டெய்போர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணாடித் துடைப்பான் போய்வருவதையே பார்த்தான். கதவைத் திறந்துகொண்டு மழையில் நடந்துவிடலாம். வண்டியை யார் எடுப்பது?

"ஏ... காணோமே." ரிடாஹுன் போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். "என் கமெண்ட அழிச்சிட்டாங்க. இனிமே இந்தப் பக்கத்துல எதுவும் எழுத முடியாதுன்னு வருது."

"கெட்ட வார்த்தை ஏதாவது போட்டியா?"

"நீதான பாத்த! நாலாயிரம் கமெண்ட் இருக்கு. அடெல்பர்ட்ட அசிங்க அசிங்கமா திட்டினதெல்லாம் அப்படியே இருக்கு. இத மட்டும் எதுக்கு..."

அவள் முடிக்கவில்லை. கொங் பிடாலின்கூட மெல்லுவதை நிறுத்தினாள். குடைக்காரர் மெதுவாக முன்னால் நகர்ந்து, உள்கண்ணாடியில் டெய்போரின் முகத்தைத் தேடினார். அவர் பார்வை புருவத்தில் வந்து நின்றது.

"மாமா," என்றாள் ரிடாஹுன். குரலில் இப்போது சிரிப்பில்லை. "உங்க பேரு என்ன?"

இப்படி ஒரு குரலில் யாராவது கேட்க மாட்டார்களா என்று பதினேழு வருடம் ஏங்கியிருக்கிறான். கேட்டுவிட்டாள். ஆனால் பெயரைச் சொன்னால் டிரம்ஸ் மட்டும் தனியாக வராது. குடியும் கூட வரும், மைதானமும் வரும், பாட்டில் வீசிய கை இதோ முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை மட்டும் பிரித்து வாங்கிக்கொள்ள வழியில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

"செத்தவனுக்கு எதுக்கும்மா பேரு?"

குடைக்காரர் கதவின் கைப்பிடியைத் திருகினார், பிறகு எங்கே இறங்குவது என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் வண்டிகள் உரசிக்கொண்டு நின்றன.

முன்னால் நின்ற வண்டியில் பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. முதல் சரணம் போனது. இரண்டாம் சரணம் முடிந்து கிடார் ஓய்ந்தது. 'கிரீச்' வருவதற்கு ஒரு நொடி முன்னால் டெய்போரின் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. பின்சீட்டில் மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.