செபஸ்தியம்மாள் டீச்சர் அனுப்பிய நோட்டீஸ்

ஓய்வு பெற்ற கையோடு செபஸ்தியம்மாள் டீச்சர் ஒரு சமையல் புத்தகம் எழுதி அச்சடித்தார். திண்டுக்கல்லில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கொஞ்சம். ஓசியில் வாங்கிப் படிக்காமலே பாராட்டியவர்கள் அதிகம். டீச்சருக்கு அதில் குறையில்லை. நாற்பது வருஷம் அடுப்படியில் வெந்ததற்கு அட்டையில் தன் பெயர் வந்துவிட்டது.

இரண்டாயிரத்து மூன்றில் சின்னாளப்பட்டி சண்முகவள்ளி எழுதியதாக ஒரு புத்தகம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கியது. புரட்டிய டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அவருடைய கறிக்குழம்பு, ஒரு வரி மாறாமல்.

வக்கீல் நூர் அகமது டீச்சரிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். அதனால் நின்றுகொண்டே வழக்கைக் கேட்டார்.

"கொழம்புக்குக் காப்புரிமை கெடையாது டீச்சர். மல்லி எம்புட்டு, மிளகா எம்புட்டுங்கறது யாருக்கும் சொந்தமில்ல. நீங்க எழுதுன எழுத்துதான் ஒங்களோடது. அத எப்படிக் காட்டுறது?"

டீச்சர் இரண்டு புத்தகத்திலும் ஒரே வரியை விரல் வைத்துக் காட்டினார். 'மசாலாவை மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லும் நேரம் வதக்கவும். வேகமாகச் சொல்லக் கூடாது.' டீச்சர் வீட்டில் கடிகாரம் பார்த்துச் சமைத்ததில்லை, ஜெபம் சொல்லித்தான் வதக்குவார்கள். சண்முகவள்ளியோ மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறவர்.

"இது போதும் டீச்சர்," என்றார் வக்கீல்.

நோட்டீஸ் போன பத்தாம் நாள் சண்முகவள்ளியே வக்கீல் வீட்டுக்கு வந்துவிட்டார். டீச்சரும் அங்கே இருந்தார்.

"தப்புதான்க்கா. எனக்கு அந்த ஜெபம் தெரியாது. பக்கத்து வீட்டு நான்சிய அடுப்படியில நிக்கவச்சு, சொல்லச் சொல்லித்தான் வதக்கினேன். கொழம்பு அருமையா வந்துச்சு. அடுத்த பதிப்புல ஒங்க பேரப் போட்டுறவா?"

"திருட்டுக்கு எம் பேரு வேறயா? என் எழுத்து ஒண்ணுகூட அதுல இருக்கக் கூடாது."

சண்முகவள்ளி தலையாட்டினார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்து, பழைய பழக்கத்தில் "சரிங்க டீச்சர்" என்றுவிட்டார்.

சொன்ன சொல் தப்பாமல் புதுப் பதிப்பு வந்தது. எல்லாம் சண்முகவள்ளியின் சொந்த வாக்கியம். பழனி பஸ்ஸிலெல்லாம் விற்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ஏஞ்சலின் கிண்ணத்தில் கறிக்குழம்பு கொண்டுவந்தாள். "சண்முகவள்ளி புக்கப் பாத்து வச்சேன் டீச்சர்."

டீச்சர் ருசி பார்த்தார். அவருடைய குழம்பேதான். சட்டப்படி அதில் அவருடையது எதுவுமில்லை.

"அந்தம்மா கைப்பக்குவமே தனி, இல்ல டீச்சர்?" என்றாள் ஏஞ்சலின்.

"ஆமா," என்றார் டீச்சர்.