நாலு சென்டிமீட்டர் பின்னால்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றிய கதை இல்லை. நான் செய்த காரியம். பனியில் சறுக்கும் ஒரு ஜோடி ஸ்கீயில், பூட்ஸைப் பூட்டும் பைண்டிங் பொருத்துவதற்காகப் பதினாறு துளைகள் போட்டேன். பதினாறும், போடச் சொன்ன இடத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் பின்னால். கை தவறவில்லை. அளந்து, பென்சிலால் குறித்து, மூச்சை அடக்கிக்கொண்டு போட்டேன்.

ஸ்கீ என் தங்கையுடையது. ஞானஸ்நானப் பதிவில் அவள் பெயர் நோட்பர்கா. பர்கி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். என் பெயர் க்விரின். ஆஸ்திரியாவில் எங்கள் பள்ளத்தாக்கில், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஸ்கீ கடையின் பின்பக்கப் பட்டறையில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். பகலில் ஸ்கீக்களுக்கு மெழுகு தேய்க்கிறேன், விளிம்பு தீட்டுகிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இதை எழுத மட்டும் இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"பனி பெய்துகொண்டிருந்த ஒரு டிசம்பர் காலையில், கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்—"

[நிறுத்திவிட்டேன். அன்று பனி பெய்யவில்லை. மூன்று நாளாகத் வெதுவெதுப்பான தெற்கத்திக் காற்று அடித்து, கூரைப் பனியெல்லாம் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. தவிர, "ஒரு பெண்" என்று எழுதியதிலேயே திருட்டுத்தனம் இருக்கிறது. தங்கை என்று எழுதக் கை வரவில்லை.]

"ஸ்கீ வாங்குவது கல்யாணம் மாதிரி. கடையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்—"

[இது கடை முதலாளி ஆல்பன், ஹாலந்திலிருந்து வருகிறவர்களிடம் வாரம் ஒருமுறை விடும் ஜோக். அதை இரவல் வாங்கி என் தப்பைத் தொடங்குவது நியாயமில்லை.]

"எல்லாம் அவள் நன்மைக்காகத்தான்—"

[இதை அடித்த அடியில் தாள் கிழிந்துவிட்டது.]

3

சரி. நடந்தபடியே சொல்கிறேன்.

பர்கி கடைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு முன்பு இரண்டு குளிர்காலம் ஆஸ்திரிய தேசிய அணியில் இருந்தவள். பந்தயத்துக்கு நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிற கூட்டம் இல்லை அவள். பார்க் ஆள். பனியால் மேடு கட்டி, வழுக்கிப் போக இரும்புக் கம்பிகள் நட்டு வைத்திருப்பார்களே, அங்கே. மேட்டில் ஏறிப் பறந்து, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகைக் காட்டியபடி தரையிறங்குவாள். பின்னோக்கி இறங்குவதால்தான் அந்த ஸ்கீக்களுக்கு முன்முனை போலவே பின்முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். நாங்கள் 'ட்வின் டிப்' என்போம்.

ஒருநாள் விழுந்து, முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு இருபத்திரண்டு மாதம் அவள் பனியில் கால் வைக்கவில்லை. இன்ஸ்ப்ரூக் நகரம் போகும் வழியில் ஒரு சலூனில் முடி வெட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று டாக்டர் கடிதத்தைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டே பட்டறைக்குள் வந்தாள்.

"டேய் அண்ணா, சம்மதம் குடுத்துட்டாங்க. எனக்கு ஒரே ஒரு ஜோடி வேணும். பாதி நாள் பார்க், பாதி நாள் மலை."

"ரெண்டையும் ஒண்ணுல கேட்டா ரெண்டுமே அரைகுறையாத்தான் வரும்."

"உன் பிரசங்கத்தை ஹாலந்துக்காரங்ககிட்ட வச்சுக்கோ. எனக்குக் காட்டு."

காட்டினேன். பார்க்குக்கு என்றால் இளகிய, எடை குறைந்த ஸ்கீ. கம்பியில் வளையும், விழுந்தாலும் மன்னிக்கும். மலைக்கு என்றால் கொஞ்சம் விறைப்பு, காலடியில் கொஞ்சம் அகலம். மெத்துப் பனியில் மிதக்கும், இறுகிய சரிவில் உதறாது. இரண்டுக்கும் நடுவே தொண்ணூற்றாறு மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று இருந்தது. அதை எடுத்து வளைத்துப் பார்த்தாள். முனையைத் தரையில் தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பார்த்தாள். பழக்கடையில் தர்பூசணி தட்டிப் பார்க்கிறவள் மாதிரி இருந்தது.

"இது," என்றாள்.

நல்ல தேர்வு. நானே எடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் ஸ்கீயின் குணத்தில் பாதிதான் தொழிற்சாலையில் முடிவாகிறது. மறுபாதி, பூட்ஸைப் பூட்டும் பைண்டிங்கை எங்கே திருகுகிறோம் என்பதில் இருக்கிறது. நடுவில் திருகினால் முன்னும் பின்னும் சமம், காற்றில் லேசாகச் சுழலும், பின்னோக்கி இறங்கலாம். பின்னால் தள்ளினால் முன்பக்கம் நீளும். மலையில் அருமையாக ஓடும். பார்க்கில் வால் குட்டையாகி, முதுகு காட்டி இறங்குகிறவளை உட்கார வைத்துவிடும்.

"நடுவுலருந்து ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால போடு," என்றாள். "அதுக்கு மேல ஒரு நூல் போகக்கூடாது. நான் போய் ஏதாவது தின்ன வாங்கிட்டு வரேன்."

4

இந்த இடத்தில் ஒரு பின்கதை தேவை. தவிர்க்கப் பார்த்தேன். இது இல்லாவிட்டால் க்விரின் வெறும் அயோக்கியனாகத் தெரிகிறான். இருந்தால் ஏதோ காரணமுள்ளவனாகத் தெரிகிறான். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் விழுந்த அன்று மேட்டின் அடிவாரத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றவன் நான். காற்று மாறிவிட்டது என்று மேலே தயங்கி நின்றாள். கையால் 'வேண்டாம்' என்றுகூடக் காட்டினாள். அந்த வீடியோவில் ஒரு குரல் கேட்கும். "போ பர்கி! போடி, போ!" என் குரல். ஒன்பது விநாடி கழித்து வேறொரு சத்தம் கேட்கும். அதுவும் நான்தான்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும், "வீடியோ நல்லா வந்துச்சா?" என்றுதான் கேட்டாள்.

ஆகவே அந்த டிசம்பரில், அளவுச் சட்டத்தை ஸ்கீமேல் வைத்து ஒன்றரையில் நிறுத்தியபோது, என் கை அதைத் தள்ளியது. இரண்டு. மூன்று. ஐந்தரையில் நின்றது. பார்க்கில் இனி அவளுக்குச் சரிப்பட்டு வராது, தானாகவே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் ஏதும் இருந்ததாக நினைவில்லை. துளை போட்டேன், பசை விட்டேன், திருகினேன். தொழிற்சாலைக்காரர்கள் ஓரத்தில் அச்சடித்திருந்த அளவுக்கோடுகளின்மேல் எங்கள் கடை ஸ்டிக்கரை ஒட்டினேன்.

பர்கி வாயெல்லாம் சர்க்கரைப் பொடியோடு வந்தாள்.

"சரியாப் போட்டியா?"

"நீ சொன்ன இடத்துலயே."

5

[இங்கே ஒரு சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும். தேசிய அணியில் இருந்தவளுக்கு நாலு சென்டிமீட்டர் தெரியாதா?

என் முதல் வாசகரான ஆல்பனும் இதைத்தான் கேட்டார். "இந்தப் பொண்ணு நம்புற மாதிரி இல்லப்பா. அவ கண்டுபிடிச்சிருப்பா." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்தப் பாத்திரத்தை நான் மூன்று தடவை சந்தேகப்பட்டேன். பிறகுதான் விளங்கியது. ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வந்து சொன்னாள். கீழே பாருங்கள்.]

ஜனவரி முதல் வாரம் பட்டறைக்கு வந்தாள். முகத்தில் ஒரு குழப்பம்.

"மலையில வெண்ணெய் மாதிரி போகுது. ஆனா பார்க்ல என்னமோ சரியில்ல. பின்னால இறங்கினா வாலே இல்லாத மாதிரி இருக்கு."

அவள் ஸ்கீயைச் சந்தேகித்தாள். என்னைச் சந்தேகிக்கவில்லை. ஒரு டேப்பை எடுத்து அளந்திருந்தால் அரை நிமிஷ வேலை. அவளுக்குப் பதினெட்டு வயதானதிலிருந்து அவள் ஸ்கீக்கெல்லாம் திருகு போட்டவன் நான். அண்ணன் போட்டதை அளந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"முட்டி இன்னும் பழகல," என்றேன். விளிம்பு தீட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல்.

"அப்படியா சொல்ற?"

"ரெண்டு வருஷம் ஆச்சே பர்கி."

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது பயம் இல்லை. நான் செய்த வேலை பலிக்கிறது என்ற திருப்திதான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதைக்கு ஒரு காசு மதிப்பில்லை.

ஜனவரி முழுக்க முயன்றாள். பிப்ரவரியிலும் முயன்றாள். காலையில் லிஃப்ட் திறக்கும் முன்பே வாசலில் நிற்பாள். சாயங்காலம் கடைப்பக்கம் வராமல் நேரே பஸ் ஏறிவிடுவாள். மார்ச்சில் ஒருநாள் வந்து, என் வேலை மேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுபோச்சுண்ணா."

"என்னது?"

"பார்க்குதான். உடம்பு மறந்துபோச்சு. தலைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, காலுக்குத்தான் இல்ல. முப்பது வயசுல அசிங்கப்படறதுக்கு மரியாதையா விட்டுடலாம்." சிரித்தாள். "உனக்கு நிம்மதிதானே? நீதான் ராத்தூக்கம் இல்லாம கிடந்தியாமே, அம்மா சொன்னாங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். ஸ்டிக்கரைப் பிய்த்துக் காட்டினால் போதும். "சூப் குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

6

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த பொய் முடிவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதில் பர்கி பார்க்குக்குப் போகாமல் மலைமேல் போகிறாள், அங்கே பனிச்சரிவு வருகிறது, நீளமான முன்முனையால் மிதந்து தப்பிக்கிறாள், அண்ணனின் நாலு சென்டிமீட்டர் அவள் உயிரைக் காப்பாற்றுகிறது. விறுவிறுப்பாக வந்திருந்தது. ஆல்பன் கண் கலங்கினார்.

மறுநாள் காலை படித்தேன். என்னை நானே மன்னித்துக்கொள்வதற்காக ஒரு மலையையே சரிய விட்டிருந்தேன். கிழித்துப் போட்டேன். எந்தப் பனிச்சரிவும் வரவில்லை. அவளுக்கு ஒரு கீறலும் விழவில்லை. அவள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரியாக இருந்தாள், பிறகு இல்லை என்று நம்பினாள். அவ்வளவுதான் நடந்தது.

7

அடுத்த நவம்பரில் முடி வெட்டிக்கொள்ள அவள் சலூனுக்குப் போனேன். கழுத்தில் துணியைக் கட்டி உட்கார வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரியிடம் பேசிக்கொண்டே வெட்டினாள். அந்த அம்மாளின் மகள் ஸ்கீ பழகுகிறாளாம்.

"நீயும் முன்னெல்லாம் பண்ணுவியாமே?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ஆமா, ஏதோ பண்ணினேன்," என்றாள் பர்கி. "பெரிசா ஒண்ணும் இல்ல. எனக்கு அவ்வளவா வராது."

கண்ணாடியில் அவள் முகம் என் முகத்துக்கு மேலே இருந்தது. தன்னடக்கம் இல்லை அது. நம்பிச் சொன்னாள். என் காதோரம் கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை.

சீசன் திறந்த முதல் ஞாயிறு, கோண்டோலா என்னும் தொங்கு கூண்டில் நாங்கள் இருவர் மட்டும். மேலே போய்ச் சேர ஒன்பது நிமிஷம். முதல் கம்பத்தைத் தாண்டியதும் சொன்னேன்.

"பர்கி, உன் பைண்டிங்கை நீ சொன்ன இடத்துல நான் போடல."

"எந்த பைண்டிங்?"

"இதுதான். நாலு சென்டிமீட்டர் பின்னால இருக்கு."

"அளவு தப்பிப்போச்சா?"

"இல்ல. வேணும்னேதான் போட்டேன்."

அவள் கையுறையைக் கழற்றினாள். திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ, வாலே இல்லாத மாதிரி இருக்குன்னு நான் வந்து சொன்னப்போ?"

"முட்டின்னு சொன்னேன்."

"முட்டின்னு சொன்ன." முட்டியை ஒருமுறை தட்டினாள். "அந்த முட்டியை நான் என்னென்ன திட்டு திட்டினேன் தெரியுமா? குளிக்கும்போது, படி ஏறும்போது, எல்லாம். வெட்கங்கெட்டது, சோத்துக்குக் கேடுன்னு. பாவம்டா அது."

"பயந்துட்டேன் பர்கி."

"நான் பயப்படலையா? ஒவ்வொரு தடவையும் பயந்துகிட்டுதான் குதிச்சேன். என் பயம் என்னோடது, அதை நான் பாத்துப்பேன். உன் பயத்தை எதுக்குக் கொண்டுவந்து என் காலுக்கடியில திருகி வச்ச?"

அதற்குப் பதில் எழுதினால் கிடைக்கும் என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

கூண்டு மேல் நிலையத்தை நெருங்கியபோது அவள் எழுந்து நின்றாள்.

"இதை நீ எழுதப்போற."

"தெரியல."

"எழுதுவ. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. எழுதிக்கோ. நான் திட்டினதையும் சேத்து எழுது. ஆனா இந்தக் கதவு தொறந்தப்புறம் நான் எந்தப் பக்கம் போனேன், என்ன பண்ணினேன்னு ஒரு வரி எழுதக்கூடாது. அதுல நீ கை வைக்காதே."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

எனக்குத் தெரிந்ததில் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் வரை அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இப்போது வருகிறாள். என் முடியையும் அவள்தான் வெட்டுகிறாள். ஆனால் அவளுடைய ஸ்கீக்களை இன்ஸ்ப்ரூக்கில் வேறொருவர் பார்த்துக்கொள்கிறார்.

மேல் நிலையத்தின் வாசலில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பார்க். வலப்பக்கம் பள்ளத்தாக்குவரை இறங்கும் நீண்ட சரிவு. அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று பார்த்தேன். அந்தக் குளிர்காலம் எப்படி முடிந்தது என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் இதற்குள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் அதை அவளுக்கு நல்லது என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தீர்களா, உங்கள் நிம்மதிக்காகவா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. பர்கி ஸ்கீக்களைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.