காய்ச்சல் கொண்டுபோன முடி

குஞ்சம்மாள் அரப்புத் தேய்த்துத் தலை முழுகிவிட்டு வாசல் வெயிலில் நின்றாள். சீப்பை வைத்து ஓர் இழுப்பு இழுத்ததும் கைநிறைய முடி கூடவே வந்தது. அவள் பதறவில்லை. தை பிறந்ததிலிருந்து தினமும் இப்படித்தான். புருஷன் பார்த்துவிடப் போகிறானே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. உதிர்ந்ததை அவசரமாகச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆனால் சோற்றில் கிடந்ததை மறைக்க முடியவில்லை. உழவிலிருந்து வந்து உட்கார்ந்த காளியண்ணன் இரண்டாவது கவளத்தில் ஒரு நீள முடியை இழுத்தெடுத்தான். வட்டில் சுவரில் போய் மோதியது. அடுத்த அடி அவள் கன்னத்தில் விழுந்தது.

"சோறு ஆக்கறயா, மசுரு ஆக்கறயா? தாலி கட்டுனவன் உசுரோட இருக்கறப்பவே மொட்டை அடிச்சுக்கப் பாக்கறயா புள்ளே?"

"நானா பண்றனுங்க? அதுவா உளுவுதுங்க" என்று அவள் அழுதாள்.

அவர்கள் ஊர் ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் பாய்ச்சலில் இருந்தது. 1936ஆம் வருஷம். ஐப்பசியில் ஆற்று வெள்ளம் வடிந்ததும் ஊரில் விஷக்காய்ச்சல் புகுந்தது. குழந்தை பெற்று மாதம் ஒன்றுகூட நிரம்பாத குஞ்சம்மாளைத்தான் அது முதலில் படுக்கவைத்தது. பிழைத்து எழுந்தாள். பத்தியம் என்று சொல்லிக் கஞ்சித் தண்ணீரையும் மிளகு ரசத்தையும் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை. கீரை ஆகாது, பருப்பு வாயு, முட்டை சூடு என்றார்கள். எலும்பும் தோலுமாகவே வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போனாள். பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். முழங்காலைத் தொட்ட கூந்தல் எலிவாலாகச் சிறுத்தது.

காளியண்ணனுக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகம். பெண்டாட்டியின் வகிட்டில் மண்டைத்தோல் பளிச்சென்று தெரியும்போதெல்லாம் அவனுக்குத் தன் பாடை கண்ணில் தெரிந்தது. கடைசியில் குறி சொல்லும் கோடங்கி மாதையனிடம் போய் நின்றான்.

மாதையன் உடுக்கையை அடித்துக் கண்ணைச் செருகினான். "பொண்டாட்டி முடி ஒருத்தி கையில இருக்குது. முடி போனா அவ போவா. அவ போறதுக்கு முந்தி நீ போவே. எடுத்துப் பாரு, வாய்க்கா மேட்டுல இருக்குது."

வாய்க்கால் மேட்டில் இருந்தது ஒரே குடிசை. அதில் மாரக்காள் என்ற கைம்பெண் இருந்தாள். வீடு வீடாகப் போய், பெண்கள் சீவிக் கழித்த முடியை வாங்கிக்கொண்டு ஊசியும் பாசிமணியும் கொடுப்பாள். அந்த முடியைச் சிக்கெடுத்துச் சவுரியாக முடைந்து பக்கத்து வேலூர்ச் சந்தையில் விற்றுப் பிழைத்தாள். அந்த வருஷம் காய்ச்சலில் எழுந்த பெண்கள் எல்லோருக்குமே முடி கொட்டியது. அதனால் அவள் கூடை நிறைந்து கிடந்தது. குஞ்சம்மாளும் புருஷனுக்குத் தெரியாமல் தன் முடியை அவளிடம்தான் கொடுத்திருந்தாள்.

காளியண்ணனும் அவன் பங்காளி ரங்கனும் மாதையனும் இன்னும் பத்துப் பேரும் உச்சி வெயிலில் வாய்க்கால் மேட்டுக்குப் போனார்கள். கூடையைக் கவிழ்த்ததும் கறுப்புப் பந்து பந்தாக முடி உருண்டது. நடுவில் முழங்கால் நீளத்தில் ஒரு கற்றை. அதைப் பார்த்ததும் காளியண்ணனுக்குக் கண் இருண்டது.

"இது ஆருது?"

"உங்க ஊட்டு அம்மிணி குடுத்ததுதானுங்க சாமி. ரெண்டு ஊசி வாங்கிக்கிட்டாங்க."

"பொய் பேசறா! வாயைக் கிழிங்கடா!" என்று பின்னாலிருந்து மாதையன் கத்தினான்.

மயிரைப் பிடித்து வெளியே இழுத்து வேப்பமரத்தில் கட்டினார்கள். புளிய விளார் முதுகில் விழுந்த சத்தம் வாய்க்காலின் அக்கரை வரைக்கும் கேட்டது. ரவிக்கை போடாத முதுகு கோடு கோடாக வெடித்து ரத்தம் கசிந்தது. "நான் சவுரிக்காரிங்க, சூனியக்காரி இல்லீங்க" என்று அவள் கதறக் கதற அடி கூடியதே தவிரக் குறையவில்லை. ரங்கன் கருக்கரிவாளால் அவள் தலைமுடியை அறுத்தான். முடியோடு தோலும் வந்தது.

"பல்லை ஒடச்சாத்தான் மந்திரம் சாவும்" என்றான் மாதையன். அவன் மட்டும் யாரையும் தொடவில்லை.

இரண்டு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டார்கள். காளியண்ணன் ஒரு கூழாங்கல்லை எடுத்து அவள் வாயில் இடித்தான். முதல் இடியில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் முன்பற்கள் உள்ளே விழுந்தன. அவள் பற்களையும் ரத்தத்தையும் சேர்த்துத் துப்பினாள். அவன் மறுபடியும் கையை ஓங்கினான்.

"ஐயோ, உடுங்க அவளை!"

குஞ்சம்மாள் இடுப்புப் பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு, மூச்சிரைக்க மேடேறி வந்திருந்தாள். ஓடிவந்து மாரக்காளைக் கட்டிக்கொண்டாள். "நாந்தாங்க குடுத்தேன்! எங்கையாலேயே குடுத்தேன்! நீங்க அடிப்பீங்கன்னு பயந்துதாங்க சொல்லுலே!"

ஓங்கிய கை நிற்கவில்லை. கல் குஞ்சம்மாளின் நெற்றிப் பொட்டில் விழுந்தது. ஒரு சத்தமும் போடாமல் அவள் அப்படியே சரிந்தாள். அதன் பிறகுதான் காளியண்ணன் தன் கையைப் பார்த்தான்.

கூட்டம் கலைந்துவிட்டது. காளியண்ணன் மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திக்கொண்டு திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியெல்லாம் பெண்டாட்டி மூக்கில் கைவைத்து மூச்சிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனான். மாரக்காள் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் முனகுவது மட்டும் காதில் விழுந்தது.

டாக்டர் தண்டாயுதபாணி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நயமாகப் பேசத் தெரியாதவர். இரண்டு பேருக்கும் தையல் போட்டுவிட்டு வெளியே வந்து, காளியண்ணனிடம் எல்லாவற்றையும் கேட்டார். அவன் உளறி உளறிச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவனை உள்ளே கூட்டிப்போய், கண் விழித்திருந்த குஞ்சம்மாளின் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார்.

"பாரு. சிவப்பா இருக்கவேண்டிய இடம் வெள்ளையா இருக்கு. ஒடம்புல ரத்தமே இல்லை. எப்போ காய்ச்சல்?"

"ஐப்பசியிலீங்க."

"பிரசவம்?"

"பொரட்டாசிக் கடைசியிலீங்க."

"திங்க என்ன குடுத்தே?"

"கஞ்சித்தண்ணிங்க. பத்தியங்க."

"பட்டினின்னு சொல்லு. பெரிய காய்ச்சல் வந்தா, முடி அப்போ கொட்டாது. ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொட்டும். பிள்ளை பெத்தவளுக்கும் அப்படித்தான். ரத்தம் கம்மியானாலும் கொட்டும், சரியாத் திங்காட்டாலும் கொட்டும். இவளுக்கு எல்லாம் ஒண்ணா வந்திருக்கு. பயந்து பயந்து கெடந்தா அதுக்கும் கொட்டும். நீ அடிச்ச அடியையும் கணக்குல வெச்சுக்கோ."

"அப்ப எங்கூர்ல எல்லாப் பொம்பளைகளுக்கும்..."

"ஊர் முழுக்கக் காய்ச்சல் வந்துச்சில்ல? ஊர் முழுக்கக் கொட்டத்தான் செய்யும். தலையில படை வந்தா வட்டவட்டமாக் கொட்டும், அது ஒரு சீப்புலேருந்து இன்னொரு தலைக்கு ஒட்டும். இழுத்து இறுக்கிப் பின்னினா நெத்தியோரம் தேயும். சிலதுக்கு மருந்து உண்டு. சிலதுக்குச் சோறே மருந்து. இவளுக்குக் கீரையும் பருப்பும் முட்டையும் போடு, ராத்திரி தூங்கவிடு. திரும்ப முளைக்கும்."

காளியண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. தலையில் கட்டியிருந்த உருமாலை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். முன்மண்டை முழுவதும் வழுக்கை. டாக்டர் அதையே பார்த்தார்.

"உன் முடி எங்கே போச்சு?"

"இது... எங்கப்பனுக்கும் இப்பிடித்தானுங்க. அவரு வழிங்க."

"அப்பன் வழியிலயும் வரும். சரிதான். உன் முடி போனப்ப எந்தப் பொம்பளையக் கட்டிவெச்சு அடிச்சே? எவ பல்லை ஒடச்சே?"

அவன் உருமாலை அவசரமாகத் திரும்பக் கட்டிக்கொண்டான். டாக்டர் போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஜமாதார் வந்து சேருவதற்குள் காளியண்ணன் பெண்டாட்டி காதில் குனிந்து கெஞ்சினான். "வாய்க்கா மேட்டுல வழுக்கி உளுந்தோம்னு சொல்லு புள்ளே. ரெண்டு பேருந்தான் உளுந்தோம்னு சொல்லு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது சம்மதம் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

நாமக்கல் கோர்ட்டில் அவளைக் கூப்பிட்டபோது, நெற்றித் தழும்பு தெரிய முந்தானையைத் தள்ளிவிட்டு நின்றாள். "எம் புருஷன்தானுங்க அடிச்சாங்க. அவ திருடுலீங்க, சூனியம் வெக்கலீங்க. நான் குடுத்த முடிக்கு அவ ஒதை வாங்குனா. இதை நான் சொல்லாமப் போனா, அந்தக் கல்லை நானும் தூக்குன மாதிரிங்க."

காளியண்ணனுக்கு ஒரு வருஷம் சேலம் ஜெயில். ரங்கனுக்கும் மற்றவர்களுக்கும் சில மாதங்கள். யாரையும் தொடாத மாதையன் தப்பித்துக்கொண்டான். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பங்காளிகள் குஞ்சம்மாளிடம் பேச்சை நிறுத்தினார்கள். அவள் தனியாகவே கொடிக்காலைப் பார்த்தாள், பிள்ளையை வளர்த்தாள். மாரக்காளுக்கு முடி கொடுக்க ஒருவரும் இல்லை. கடித்துத் தின்ன வழியில்லாதவளுக்குக் குஞ்சம்மாள் தினமும் ராகிக்கூழ் கரைத்துக் கொண்டுபோனாள். மாரக்காள் வாங்கிக் குடித்தாள். சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெயிலில் மழைக்காலத்தில் அதே காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்த கைதிகளின் தலையிலிருந்து சில மாதத்தில் பிடிபிடியாக முடி உதிர்ந்தது. வார்டர் வந்து பார்த்தார், கூட்டிப் பெருக்கச் சொன்னார், போய்விட்டார். யாரையும் மரத்தில் கட்டவில்லை. விளக்குமாறு காளியண்ணன் கையில்தான் இருந்தது. பெருக்கிக்கொண்டே இருந்தவன் சட்டென்று உட்கார்ந்துகொண்டான். கூழாங்கல்லின் கனம் மறுபடியும் கையில் தெரிந்தது. ஜெயிலுக்கு வந்த பிறகு அவன் அழுதது அன்றைக்குத்தான்.

விடுதலையாகி வீட்டுக்கு வந்தபோது குஞ்சம்மாள் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காதுக்குக் கீழே இறங்கியிருந்த புதுமுடி அடர்த்தியாக, கருகருவென்று இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பங்குனியில் ரங்கன் மகளுக்கு முடி கொட்டத் தொடங்கியது. அவளும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்தான். மாதையன் மறுபடியும் உடுக்கையை எடுத்தான். "பல்லு போயும் அவ அடங்குலே. குடிசையோட கொளுத்துனாத்தான் உண்டு" என்றான். ஜெயிலுக்குப் போய்வந்த ஆத்திரமும் சேர, ரங்கன் தீப்பந்தத்தோடு கிளம்பினான். பின்னால் ஒரு கூட்டம்.

அவர்கள் வாய்க்கால் மேட்டுக்கு வந்தபோது, குடிசை வாசலில் காளியண்ணன் நின்றான். கையில் ஒன்றுமில்லை.

"தள்ளு காளியண்ணா. இவளாலதான நாம ஜெயிலுக்குப் போனோம்?"

"இவளாலே இல்லடா, நம்மாலே. உம்பட புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு, முடி கொட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வண்டி நான் கட்டறேன்."

மண்வெட்டிக் காம்பு ஒன்று அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் முழங்காலிட்டு விழுந்தான், ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. பந்தத்தைக் கூரைப் பக்கம் ஓங்கிய ரங்கனின் காலை நல்ல கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். முகத்தில் உதை விழுந்தது. பிடியை விடவில்லை.

அதற்குள் குஞ்சம்மாள் ஓடிவந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் போன வருஷம் முடி கொட்டிய பெண்கள் எல்லோரும் வந்தார்கள். குஞ்சம்மாள் கொண்டையை அவிழ்த்து உதறினாள். "பாரு ரங்கா! எனக்கு மொளைச்சிருக்குது. இந்தச் செல்லாயிக்கு மொளைச்சிருக்குது. இவ செஞ்ச சூனியம்னா எப்பிடி மொளைக்கும்? உங்க கோடங்கியக் கேளு!"

திரும்பிப் பார்த்தார்கள். மாதையன் ஏற்கெனவே வாய்க்காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். பந்தம் ரங்கன் கையிலிருந்து நழுவி ஈர மண்ணில் விழுந்து புகைந்தது.

கூட்டம் கலைந்ததும் மாரக்காள் வெளியே வந்தாள். வாசலில் கிடந்த காளியண்ணனின் வாயில் ரத்தம் வழிந்தது. அவனுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவன் அவள் காலைத் தொடக் கையை நீட்டினான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லமாட்டனுங்க சாமி" என்றாள். முன்பல்லில்லாத வாயில் சொற்கள் குழறின. ஆனாலும் அங்கே இன்னும் நின்ற பெண்களுக்கெல்லாம் விளங்கியது. "காச்சல்ல போன முடி திரும்பி மொளைக்கும். நீங்க ஒடச்ச பல்லு மொளைக்காது. முடி கொட்டுனா ஏன் கொட்டுச்சுன்னு வைத்தியங்கிட்டக் கேளுங்க. எவ கொட்ட வெச்சான்னு கேக்காதீங்க."