பூச்சு வேண்டாம் என்றவர்

பதினெட்டு வருடமாக நானும் என் கணவரும் ஒரே விஷயத்துக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பந்தயக் காரின் எக்ஸாஸ்ட் ஹெடருக்குப் பூச்சு போடுவதா, வேண்டாமா? மற்ற வீடுகளில் மாமியார், நாத்தனார் என்று சண்டைக்கு ஆயிரம் காரணம் இருக்கும். எங்களுக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஹெடர் என்பது வேறொன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வரும் சூடான புகையை நான்கு குழாய்களில் வாங்கி ஒரே வாயில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாமான். குழாய்களை வளைத்து, வெட்டி, வெல்டிங் செய்வது அவர். பட்டறையின் பின்பக்கத்தில், வெளியாட்கள் பூச்சுக்குக் கொண்டுவரும் ஹெடர்களை மணலடித்துச் சுத்தம் செய்து, செராமிக் பூச்சு தெளித்து, அடுப்பில் வேகவைப்பது நான். பூச்சு போட்டால் சூடு குழாய்க்குள்ளேயே அடங்கும், பக்கத்திலிருக்கும் ஒயர் தப்பிக்கும், ஓட்டுகிறவரின் கால் வேகாது. எத்தனை முறை சொல்லியிருப்பேன்! காதில் போட்டுக்கொண்டால்தானே.

"வெல்டிங் தெரியாதவன்தான் பூசி மறைப்பான். என் வேலைய நாலு பேரு பாக்கணும்" என்பார்.

பார்க்கும்படித்தான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். தையல் மிஷினில் ஓட்டியதுபோல வரிவரியாக வரும். ஓரத்தில் பொன்னிறமும் ஊதாவும் படர்ந்திருக்கும். வாங்கிப்போனவர்கள் பானெட்டைத் திறந்து போட்டோ எடுத்து ஊரெல்லாம் காட்டுவார்கள். எனக்கு வயிறெரியும், பெருமையாகவும் இருக்கும். பெருமையை மட்டும் அவரிடம் சொன்னதில்லை. ஏற்கெனவே மனிதருக்குத் தலைக்கனம் ஜாஸ்தி.

அதனால்தான், போன செவ்வாய்க்கிழமை அவர் ஒரு ஹெடரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்து, "இதுக்குப் பூச்சு போட்டுடு" என்றபோது சிரித்துவிட்டேன்.

"என்னங்க, காய்ச்சலா? கிட்ட வாங்க, நெத்தியத் தொட்டுப் பாக்கறேன்."

"கறுப்பு போடு. கொஞ்சம் கனமாவே போடு."

"இத ஆர்டர் குடுத்த பந்தயக்காரத் தம்பி பூச்சு வேண்டாம்னுதானே சொன்னாரு? உங்க வெல்டிங் தெரியணும்னுதானே அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாரு?"

"நீதானே பதினெட்டு வருஷமா சொல்ற, சூடு அடங்கும், ஒயரு தப்பிக்கும், காலு வேகாதுன்னு. சரின்னு சொன்னாலும் குத்தமா?"

என் வார்த்தைகள், ஒன்று விடாமல். இத்தனை காலமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், திருட்டு மனிதர்! கடைசியில் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று அவர் கிளம்பினார். நான் ஹெடரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

வரிகள் கோணலாகப் போயிருந்தன. ஓரிடத்தில் உலோகம் கட்டிகட்டியாகக் குவிந்திருந்தது, அடுத்த இடத்தில் பள்ளம். பொன்னிறம் எங்கும் இல்லை, கருகிய சாம்பல் நிறம்தான். கை எங்கெங்கே நடுங்கியது என்பதை விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

நடுக்கம் எனக்குப் புதிதில்லை. ஆறு மாதமாகச் சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். டாக்டர் ஏதோ ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், இது போகப்போக அதிகமாகும் என்றார். "வெல்டிங் டார்ச்சப் பிடிச்சா நடுக்கம் நின்னுடுது" என்று இவர் சொன்னார். நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

பூச்சு அசிங்கத்தை மறைக்கும், ஓட்டையை அடைக்காது. குழாய் வாய்களை ரப்பர் வைத்து மூடி, உள்ளே காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். ஒரு மூட்டிலிருந்து குமிழி கிளம்பியது. பிறகு இன்னொன்றிலிருந்து. மொத்தம் ஐந்து இடம். அடுப்படியில் பால் பொங்கினாலே கத்துகிறவள், தண்ணீர் தரையில் வழிவதுகூடத் தெரியாமல் மறுபடி மறுபடி முக்கி எண்ணினேன்.

அவர் திரும்பி வந்தபோது தரையெல்லாம் ஈரம். கையிலிருந்த இரண்டு டம்ளரிலும் டீ பாதிதான் மிச்சமிருந்தது. தொட்டியைப் பார்த்தார்.

"எத்தன?"

"ரெண்டுதாங்க."

"அஞ்சு" என்றார். "நேத்து நீ கடைக்குப் போனப்போ நானும் முக்கிப் பாத்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரிஞ்சேவா போடச் சொன்னீங்க? பெட்ரோல் ஹோஸ் பக்கத்துலயே போகுதே! உள்ள ஒரு உசிரு உக்காந்து ஓட்டுதுங்க!"

"தெரியும்."

"பூச்சு அடைச்சுக்கும்னு நெனச்சீங்களா?"

"அடைக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" டம்ளர்களை மேஜைமேல் வைக்க அவருக்கு நேரமாயிற்று. "இது ஒண்ணு மட்டும் வெளிய போயிட்டா போதும்னு தோணிச்சு. அதோட வேலைய விட்டுடலாம்னு."

மயிரிழை கோணியதற்காக முழு ஹெடரையும் வெட்டிக் குப்பையில் போட்ட மனிதர் இவர். இவர் வாயிலிருந்து இப்படியொரு பேச்சைக் கேட்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"நான் போட மாட்டேங்க" என்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போனில் அந்தத் தம்பியை நான்தான் கூப்பிட்டேன்.

"அண்ணி! ஹெடர் ரெடியா?"

"இல்ல தம்பி. அண்ணனுக்குக் கை முடியல. இனிமே..." போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். "இனிமே அவரு வெல்டிங் பண்ண மாட்டாரு."

அவர் எதிரிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனைப் பிடுங்குவார், யார் சொன்னது என்று சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணனப் பாத்துக்கோங்க அண்ணி" என்று வந்தது. பிறகு தயங்கித் தயங்கி, "அடுத்த மாசம் பந்தயம். வேற யாருகிட்ட குடுக்கலாம்னு அண்ணனக் கேட்டுச் சொல்றீங்களா?"

இந்த ஊரில் தன்னைத் தவிர வெல்டரே கிடையாது என்று சாதித்தவர். அவரிடம் நான் அதைக் கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கா. வேலை சுத்தமா இருக்கும்" என்றார். எங்கும் தேடாமல், மனப்பாடமாக அவளுடைய நம்பரைச் சொன்னார். நான் சாக்பீஸை எடுத்து மேஜைமேல் எழுதினேன். கண் மறைத்ததில் எழுத்து எப்படியோ போயிற்று.

அவர் குனிந்து பார்த்தார்.

"அது ஏழா, ஒண்ணான்னே தெரியல. அழிச்சிட்டு ஒழுங்கா எழுது" என்றார்.

அழித்துவிட்டு எழுதினேன்.