ஏழு மணி என்று எழுதிய தாள்

சேக் பரீது எதையும் தாளில் எழுதிப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டார். திருப்பத்தூர் ஜமாஅத்துக்குக் கடிதம் எழுதுகிறவர் அவர்தான்; தேதி, கிழமை, நேரம் எதுவும் பிசகாது. அன்று விடியலில் அவருடைய மாமனார் மவுத்தானபோதும் பெரியவர் கலீல் ரகுமான் அவரிடம்தான் கேட்டார்.

"சிங்கப்பூர்லருந்து மகன் எப்ப வந்து சேருவாரு, பரீது? அதப் பாத்துத்தான அடக்கத்துக்கு நேரம் சொல்லணும்."

மச்சினன் அன்வர் சாதிக் டாக்சியிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தான்: "பன்னெண்டரைக்கு பிளைட், மச்சான். திருச்சிக்கு நாலு மணி நேரம்."

பரீது ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கூட்டினார். பன்னிரண்டரையோடு நாலு, நாலரை. வெளியே வர முக்கால் மணி. அங்கிருந்து காரில் ஒன்றே முக்கால். மொத்தம் ஏழு மணி.

"பொழுது சாஞ்சு மஃரிப் தாண்டிரும். வெயிலும் தாங்காது. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எடுத்துருவோம்," என்றார் கலீல் ரகுமான். "பரீது எழுதிட்டாருன்னா பள்ளிவாசல் கடியாரத்தையே மாத்தி வைக்கலாம்ல."

அவர் மனைவி ஃபர்சானா மட்டும்தான் மல்லுக்கு நின்றாள். "தம்பி அத்தா மொகத்தப் பாக்க வேணாமா? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்களேன்."

"ஏழு மணிம்மா. மூணு தடவ கூட்டிட்டேன்." தாளை அவள் முன் நீட்டினார். அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது.

"மச்சான், எறங்கிட்டேன். சாயங்காலம் அஸருக்குள்ள வந்துருவேன். அத்தாவ அதுவரைக்கும் வச்சிருங்க, என்ன?"

மணி இரண்டு பத்து.

சிங்கப்பூரில் பன்னிரண்டரை என்றால் இங்கே பத்து. அது அவருக்குத் தெரியாததா? வெள்ளிக்கிழமைதோறும் மகனோடு பேச மாமா போனைக் காதில் வைத்ததும், "அங்குட்டு இப்ப மணி என்னத்தா?" என்றுதான் ஆரம்பிப்பார். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டவர் இந்த இரண்டரை மணியைக் கழிக்கவில்லை.

"வா மாப்ளே," என்றார். விரலிடுக்கில் மண் ஒட்டியிருந்தது.

நாலரைக்குக் கார் வந்து நின்றது. அன்வர் பையைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடினான். காலிக் கட்டிலைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"வெயிலு கடுமை தம்பி. ஜமாஅத்துல பேசித்தான் எடுத்தோம். அல்லாவோட நாட்டம்," என்றார் கலீல் ரகுமான்.

அன்வர் தலையாட்டினான். பரீது பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். உள்ளறை வாசலில் ஃபர்சானா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார்.

"ஜமாஅத்து மேல குத்தமில்ல மாப்ளே. நேரம் சொன்னது நான். அங்கத்தி மணிய இங்கத்தி மணின்னு கூட்டிப்புட்டேன்."

அன்வர் தாளை வாங்கிப் படித்தான். வெகுநேரம் படித்தான்.

"எப்ப எடுத்தீக?"

"ஒன்னே முக்காலுக்கு."

"அப்ப கடலத் தாண்டிட்டேன் மச்சான். கீழ கண்மாயெல்லாம் தெரிஞ்சுச்சு."

பரீது தலை குனிந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அன்வர் திட்டவில்லை, தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

"எடத்தக் காட்டுங்க."

கபர்ஸ்தானில் ஈரம் காயாத மண்ணின்முன் அன்வர் துஆவுக்காக இரு கைகளையும் ஏந்தினான். சட்டைக் கை மேலேறியது. அவன் கடிகாரத்தை இன்னும் இந்த ஊர் மணிக்குத் திருப்பி வைக்கவில்லை. முள் ஏழைத் தாண்டியிருந்தது.