சபாரத்தினம் மாஸ்டரின் சட்டம்

சபாரத்தினம் மாஸ்டர் செவன் கிங்ஸில் தன் வீட்டு முன்னறையில் கணித டியூஷன் நடத்தினார். யாழ்ப்பாணத்தில் அவருக்கிருந்த பெயர் அவருக்கு முன்பே லண்டன் வந்து சேர்ந்திருந்தது. அவர் சொன்னதைப் பெற்றோர் மறுத்துப் பேசுவதில்லை.

1992இல் ஒரு சனிக்கிழமை, பதினான்கு வயது ராஜி அவரிடம் ஒன்று கேட்டாள். பள்ளிக்கூடக் கணக்குகள் சலித்துவிட்டன, பெரியவர்களின் ஏ லெவல் வகுப்பில் தானும் இருக்கலாமா என்றாள். பல்கலைக்கழகம் போவதற்காகப் பதினெட்டு வயதில் எழுதும் சோதனை அது. மாஸ்டர் வகுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

“ஓ லெவல் எடுக்காமல் ஏ லெவல் எடுக்க ஏலாது, பிள்ளை. சட்டம் விடாது. புரொபசர் அம்மா கொஞ்சம் பொறுக்க வேணும்.”

பதினாறு வயதில் எழுதும் அந்த ஓ லெவல் சோதனையையே இந்த நாடு கைவிட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊரிலிருந்த ஒழுங்குதான் இங்கும் என்று மாஸ்டர் நம்பினார். யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. ‘புரொபசர்’ என்ற பெயர் பஸ்ஸிலும் கோயிலிலும் ராஜியைத் துரத்தியது. அன்று வகுப்பில் சிரிக்காதவன் மாஸ்டரின் மகன் யோகராஜா மட்டுமே. தன் பழைய வினாத்தாள்களை அவன் அவளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தான்.

ராஜி டியூஷனை நிறுத்தினாள். தேர்வுச் சபைக்குத் தொலைபேசி எடுத்தாள். வயது வரம்பு இல்லை, முன் சோதனை எதுவும் வேண்டாம், தனிப் பரீட்சார்த்தியாக எழுதலாம் என்றார்கள். ஒரு மாலைக் கல்லூரி அவளைச் சேர்த்துக்கொண்டது. குளிர்காலம் முழுவதும் தொகையீட்டுக் கணக்குகள் போட்டாள். களைப்பு வரும்போது அந்த முன்னறைச் சிரிப்பை நினைத்துக்கொள்வாள். களைப்பு போய்விடும்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. அவளுக்கு மிக உயர்ந்த தரமான ஏ. அதே சோதனையைப் பள்ளிக்கூடத்தில் எழுதிய யோகராஜாவுக்கு ஈ, தேறியவர்களில் கடைசித் தரம். அதை அவன் அவளிடம் மட்டும் சொன்னான். வெளியில் சொல்லக் கூடாது என்பது தகப்பனின் உத்தரவு.

அடுத்த கிழமை மாஸ்டர் ராஜியின் தாய் சந்திரவதனாவை அழைத்தார். அப்டன் பார்க் மண்டபத்தில் பரிசளிப்பு விழா, ராஜி தன் மாணவியாக மேடையேற வேண்டும் என்றார். முதலிடம் பெற்ற பிள்ளை மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். அந்தப் படம் தமிழ்ப் பத்திரிகையில் வரும். புதிய பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள்.

“வயசுக்கு மூத்தவர். போர்த்திப்போட்டு வா. நாளைக்குக் கோயிலில முகம் பார்க்க வேணும்,” என்றாள் தாய்.

“ஓம் அம்மா.”

அவர் விழ வேண்டிய இடம் அந்த மேடைதான் என்று ராஜி முடிவு செய்திருந்தாள். பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

“இஞ்ச ஏ லெவல் எழுத முன்னுக்கு ஒரு சோதனையும் தேவையில்லை. நான் டெலிபோனில கேட்டனான். மாஸ்டர் கேட்கேல்லை, சிரிச்சவர். உங்கட பிள்ளையளையும் இப்பிடித்தான் மறிச்சு வச்சிருக்கிறார்.”

நடுவரிசையில் கனகாம்பிகை எழுந்தாள். அவளுடைய மகனும் இதையே கேட்டுத் திரும்பி வந்தவன்.

“மாஸ்டர், என்ர பிள்ளைக்கும் இதைத்தானே சொன்னியள்?”

மாஸ்டர் புன்னகை மாறாமல் மைக்கை வாங்கினார். எதையும் ஒழுங்குமுறைப்படி படித்தால்தான் நிலைக்கும் என்றார். தன் மகனையே அப்படித்தான் படிப்பித்ததாகச் சொன்னார்.

அவனுக்கு என்ன றிசல்ட் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மாஸ்டர் கையிலிருந்த மைக்கைத் தாழ்த்தினார். முன்வரிசையில் இருந்த யோகராஜா ராஜியைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தான். அவள் அதைப் பார்த்தாள். மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

“யோகண்ணைக்கு ஈ.”

பிறகு பொன்னாடையை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தபோது பெற்றோர் மாஸ்டரைச் சூழத் தொடங்கியிருந்தார்கள். யோகராஜாவின் நாற்காலி காலியாக இருந்தது.

பஸ்ஸில் தாய் கீழ்த்தட்டிலேயே அமர்ந்தாள்.

“அந்தப் பெடியன் உனக்கு என்ன செய்தவன்?”

 ராஜி மேல்தட்டுக்கு ஏறி முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தாள். மண்டபத்தில் தின்னக் கொடுத்த இரண்டு பொரித்த ரோல்ஸைக் கடதாசியிலிருந்து பிரித்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. நல்ல பசி. இரண்டையும் தின்று முடித்தாள்.