புரட்டாதிச் சனியும் ஐரிஷ் பப்பும்

"சாராயக் கடையைச் சனத்துக்குச் சுத்திக் காட்டுறதும் ஒரு உத்தியோகமோ? மலையைக் காட்டட்டும், ஏரியைக் காட்டட்டும். தவறணையைக் காட்டுறானாம் தவறணையை."

"அது தவறணை இல்லையப்பா. ஐரிஷ் பப். அவர் அதின்ர சரித்திரம் சொல்லுறார். ஸ்விஸ் சனமே முன்கூட்டிப் பதிஞ்சுபோட்டுக் காத்திருக்குதுகள்."

"ஐரிஷ் எண்டால்? அங்க தீர்த்தமோ ஊத்துறாங்கள்?"

"நீங்கள் சீனிப் பேணிக்குப் பின்னால வச்சிருக்கிறது மட்டும் என்ன தீர்த்தம்?"

"வாயை மூடு பிள்ளை. யன்னல் திறந்து கிடக்கு," என்று மகளை அடக்கினார் கோசலா.

யன்னல் திறந்துதான் கிடந்தது. அதனால்தான் ஸ்விஸ் நாட்டின் லாங்கன்தாலில் அதே கட்டடத்தின் மேல்மாடியில், பரமேஸ்வரி ஏற்கெனவே மடித்து வைத்த உடுப்பை உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். சீனிப் பேணிக்குப் பின்னால் ஒளித்த போத்தல் வரைக்கும் கதை வந்த பிறகு ஒரு மனுசி மேலே நின்று என்ன செய்வது. கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் இறங்கி வந்து மணியை அடித்தார். அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் கறிவேப்பிலை ஒரு கட்டுக் கிடந்தது.

முதியோர் இல்லச் சமையலறையில் உழைத்து ஓய்வு பெற்றவர் பரமேஸ்வரி. புருசன் காலமாகிவிட்டார். ஒரே மகன் விதுஷன் லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருக்கிறான். ஆகவே அவருக்கு நேரம் நிறைய இருந்தது, அந்த நேரத்தை அவர் மற்றவர்களுக்காகவே செலவழித்தார். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்பது சிலவேளை அந்த வீட்டாருக்கே அவர் சொல்லித்தான் தெரியும்.

இந்த வீட்டுச் சம்பந்தமும் அவர் அறிந்ததுதான். யோகராஜா, கோசலா தம்பதியின் மகள் தக்ஷிகாவுக்குச் சூரிச்சில் இருக்கும் சுபேசனைப் பேசி, குறிப்பும் பொருந்தியாயிற்று. பெடியனின் தாயும் தகப்பனும் சாவகச்சேரி. பெடியன் ஓல்டனில் தொழில் படித்து, சூரிச்சில் ஒரு கம்பியூட்டர் கொம்பனியில் இருக்கிறான். பெட்டைக்கும் அவன்மேல் உயிர். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருக்கையில் தமிழ்க் கடையில் யாரோ ஒருவர் தன் போனை யோகராஜாவின் மூக்குக்கு முன்னே நீட்டினார். அதிலே சுபேசன் பச்சை வெயிஸ்கோட்டும் தொப்பியுமாக, கையில் கிளாசோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். சனிக்கிழமைகளில் அவன் உல்லாசப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு ஐரிஷ் பப்புகளைச் சுற்றிக் காட்டுகிறானாம்.

"குடிகாரனுக்கு நான் பிள்ளை குடுக்க மாட்டன்," என்றார் யோகராஜா, கறிவேப்பிலைக்கு வந்தவரைப் பார்த்து.

"இந்தக் கலியாணம் நிண்டால் நான் இந்த வீட்டில நிக்க மாட்டன், அன்ரி," என்றாள் தக்ஷிகா, அவளும் அவரைப் பார்த்து.

கோசலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கறிவேப்பிலையை உருவி ஒரு பையில் போட்டார்.

"ஏன் சண்டை?" என்றார் பரமேஸ்வரி. "உங்களை எல்லாம் அந்தப் பெடியனுக்குத் தெரியும். என்னை அவன் கண்டதேயில்லை. நான் ஒருக்காப் போய்ச் சனத்தோட சனமாப் பாத்திட்டு வாறன்."

யோகராஜா யோசித்தார். "சரி. அக்கா வந்து சொல்லுறதுதான் முடிவு. குடிக்கிறான் எண்டால் இந்தக் கதையை இதோட விடுவம்."

"அன்ரி, கண்டதை மட்டும் சொல்லுங்கோ. கூட்டிச் சொல்லாதேங்கோ," என்றாள் தக்ஷிகா.

"நான் எப்பயடி கூட்டிச் சொன்னனான்?"

கோசலா கறிவேப்பிலைப் பையை அவசரமாக அவர் கையில் திணித்தார்.

வந்த சனி புரட்டாதிச் சனி. பரமேஸ்வரி தலை முழுகி, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, விரதத்தோடு, புதிதாக வாங்கிய சந்தன நிறக் கோட்டையும் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். விரத நாளில் தவறணைக்குப் போவது பாவமில்லையா என்று வழியில் மனம் கேட்டது. ஒரு குமரைக் கரைசேர்க்கப் போவதைச் சனீஸ்வரன் குறை நினைக்க மாட்டார் என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சூரிச்சில் ஆற்றங்கரையில் கூட்டம் நின்றது. தூண் நகரத்திலிருந்து வந்த கிழவி ஒருத்தி, சில சோடிகள், தொழிற்சாலை நண்பர்களோடு பேர்ணிலிருந்து வந்த திலக்சன் என்றொரு தமிழ்ப் பெடியன், பச்சைத் தொப்பி போட்ட ஒரு தடியர் கூட்டம். பட்டப்பகலில் குடிக்கப் போகிறோம் என்ற வெட்கம் ஒருவர் முகத்திலும் இல்லை. ஏதோ பழைய பொருள் பார்க்க நூதனசாலைக்குப் போகிற மாதிரி நின்றார்கள்.

முதல் பப்பின் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு நாற்றம் வந்து முகத்தில் அப்பியது. முந்திய இரவு சிந்தியது, அதற்கும் முந்தியது, அதன்மேல் ஊற்றிக் கழுவிய மருந்து, பொரித்த எண்ணெய், நனைந்த நாய். நாய் உண்மையாகவே ஒரு மூலையில் கிடந்தது. கம்பளம் காலைப் பிடித்தது. ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்து 'சர்க்' என்று கழன்று வந்தது. வெளியே வெயில் எறிக்க, உள்ளே கறுத்த மரப்பலகை அடித்து, வெளிச்சம் போனால் போதும் என்று கட்டிய இடம். சுவரெல்லாம் செத்துப்போனவர்களின் படங்கள். குடித்துச் செத்திருப்பார்கள் என்று பரமேஸ்வரி நினைத்தார்.

சுபேசன் அழகாகக் கதைத்தான். அந்தக் காலத்து அயர்லாந்தில் பலசரக்குக் கடையும் சாராயக் கடையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததாம். முன்பக்கம் தேயிலை, சீனி, பின்பக்கம் குடி. சீனிப் பேணிக்குப் பின்னால் என்பது உலக வழக்கம்தான் போலும். பிறகு எல்லோருக்கும் அந்தக் கறுப்புப் பியர் வந்தது. கரிச்சட்டி கழுவின தண்ணீருக்கு மேலே சோற்றுக் கஞ்சி நுரைத்து நின்ற மாதிரி இருந்தது. சனம் அதை மேலுதட்டில் வெள்ளை மீசை படியக் குடித்துவிட்டு, அந்த மீசையை நாக்கால் நக்கியது. பரமேஸ்வரி கண்ணை மூடி 'முருகா' என்றார்.

ஆனால் வந்த வேலையை அவர் மறக்கவில்லை. சுபேசன் திரும்பி ஒரு படத்தைக் காட்டிய நேரம் பார்த்து, மேசையில் அவன் வைத்த கிளாசின்மேல் குனிந்து மணந்து பார்த்தார்.

அப்பிள் யூஸ்.

உண்மையைச் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, இந்த நாற்றத்தையெல்லாம் சுவாசித்து, கிடைத்தது அப்பிள் யூஸ்.

தூண் கிழவியிடம் சுபேசன், தானும் தூணில்தான் தொழில் படித்ததாக ஜேர்மனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஓல்டன் அல்லவா என்று பரமேஸ்வரி காதைத் தீட்டினார். கிழவி பூரித்துப்போய் அவன் கன்னத்தைத் தட்டினாள். அடுத்து அவன் இவரிடம் வந்தான்.

"அன்ரி தமிழோ? ஊரில எவடம்?"

உளவுக்கு வந்தவர் ஊரைச் சொல்வாரா. கரவெட்டியில் பிறந்த பரமேஸ்வரி, "உரும்பிராய்" என்றார்.

"அட, என்ர அம்மாவும் உரும்பிராய் அன்ரி."

சாவகச்சேரி எங்கே போயிற்று என்று பரமேஸ்வரி யோசித்தார். பிறகு தன் வாயில் வந்த ஒரு வீட்டைக் கட்டி எழுப்பினார். "ஆர், அந்த மஞ்சள் மதில் வீட்டுக்காரரோ? வாசலில இரட்டைத் தென்னை?"

"அதேதான் அன்ரி. அந்தத் தென்னை இப்பவும் நிக்குது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவா." அவன் கண்கூட ஈரமாகிவிட்டது.

இரண்டாவது பப்பில் கதவோரம் பலகை அடைத்த ஒரு குட்டி அறை இருந்தது. ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளியே தெரியாது. மதுவை வாங்க ஒரு சின்னப் பலகணி மட்டும் உண்டு. முன்னைய நாளில் பெண்களும் பாதிரிமாரும் ஊர்க்கண் படாமல் குடித்த இடம் என்றான் சுபேசன். பார்த்ததுமே பரமேஸ்வரிக்கு அது பிடித்துவிட்டது. ஊர்க்கண் படாமல் இருக்கலாம் என்றால் ஊரைக் கேட்கவும் செய்யலாம். கால் உளைகிறது என்று உள்ளே போய், ஒட்டுகிற தோல் இருக்கையில் கைலேஞ்சியை விரித்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே தட்டு வந்தது. பன்றி இரத்தத்தை அடைத்து அவித்த கறுப்புக் குழல், வட்ட வட்டமாக. அதன் வாசம் பலகணியால் உள்ளே வந்தது. பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். காதைப் பொத்தவில்லை.

"அண்ணை எவடம்?" அது சுபேசன்.

"வட்டுக்கோட்டை." அது திலக்சன்.

"சும்மா சொல்லாதேங்கோ. என்ர அம்மாவும் வட்டுக்கோட்டை."

குழலின் நாற்றத்தைவிட அது மோசமாக இருந்தது. குடித்துவிட்டுப் பொய் சொல்கிறவர்களைப் பரமேஸ்வரி கண்டிருக்கிறார். காலமான புருசனே அந்த ரகம்தான். விடிந்தால் அவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார்கள். இவன் அப்பிள் யூசைக் குடித்துவிட்டு, தெளிந்த கண்ணோடு, பெற்ற தாயை மேசைக்கு மேசை ஊர் மாற்றிப் பரிமாறுகிறான். எதற்கு? ஒரு லாபமுமில்லை. எதிரே நிற்கிற முகம் கொஞ்சம் மலர்வதற்கு. இப்படிப்பட்டவன் ஒரு பெண்ணிடம் 'உன்னைத்தான் விரும்புறன்' என்று சொன்னால் அதை எந்தத் தராசில் நிறுப்பது?

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது பச்சைத் தொப்பித் தடியன் ஒருவன் பாட்டுக்குக் கையை வீசினான். அவன் கிளாசிலிருந்த கறுப்புத் தண்ணி முழுக்கச் சந்தனக் கோட்டில் விழுந்து, கழுத்தால் இறங்கி, உள்ளே சட்டையோடு ஒட்டியது. அவன் சிரித்து மன்னிப்புக் கேட்டு, தன் தொப்பியாலேயே துடைக்க வந்தான். மூன்றாவது பப்பைப் பார்க்கப் பரமேஸ்வரி நிற்கவில்லை. ரயிலில் பக்கத்திலிருந்த பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனாள்.

வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றியிருக்கலாம். ஆனால் வாயில் இவ்வளவு பெரிய சங்கதியை வைத்துக்கொண்டு ஒரு மாடி கூட ஏற அவரால் முடியவில்லை. நேரே கோசலாவின் மணியை அடித்தார்.

"குடிக்கிறானோ?" என்றார் யோகராஜா, அவர் இருக்க முந்தியே.

"இல்லை. ஒரு சொட்டும் இல்லை."

தக்ஷிகா தாயின் கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ. அதைவிடக் கேவலம்," என்று பரமேஸ்வரி தூணையும் உரும்பிராயையும் வட்டுக்கோட்டையையும் வரிசையாக வைத்தார். ஆயுளில் முதல் தடவையாக அவர் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

"அன்ரி, நீங்கள் கரவெட்டி எல்லோ? ஏன் உரும்பிராய் எண்டு சொன்னனீங்கள்?" என்றாள் தக்ஷிகா.

"அது நான் சும்மா ஒரு..."

"அவரும் சும்மாதான் சொல்லியிருப்பார். சனத்தைச் சந்தோசமா வச்சிருக்கிறது அவற்ற வேலை."

"பெத்த தாயை மாத்திறதோ பிள்ளை வேலை? நாளைக்கு உன்னட்டயும் இப்பிடித்தான்."

யோகராஜாவின் முகம் மாறியது. "எடு போனை. எல்லாருக்கும் கேக்க வை. அவனையே கேப்பம்."

சுபேசன் உடனே எடுத்தான். இன்றைக்கு ஒரு தமிழ் அன்ரி வந்தவவோ என்று தக்ஷிகா கேட்டாள். வந்தவ என்றான். உங்கட அம்மா உரும்பிராய் எண்டு அவவுக்குச் சொன்னீங்களோ?

போனில் அவன் குரலைத் தாழ்த்தினான். இரக்கம் சொட்டியது.

"தக்ஷி, இதை எப்பிடிச் சொல்லுறது... அவ பாவம். வந்த நேரம் தொட்டு ஒரு மூலைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு இருந்தவ. வெளியில வரேக்க கொஞ்சம் கூடிப் போச்சு. கோட்டெல்லாம் ஊத்திக் கொண்டவ. என்ன கதைச்சவ எண்டு அவவுக்கே தெரிஞ்சிருக்காது. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. தனிச்ச மனுசி போல."

ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அந்தச் சொல்லின் வேலை பரமேஸ்வரிக்குத் தெரியாததா. எத்தனை வீட்டுக் கதவுகளை அவரே அந்தச் சாவியால் திறந்திருக்கிறார். ஒரு பொய்க்கு மேலே கொஞ்சம் இரக்கத்தைத் தடவிவிட்டால் அது மெய்யைவிட விரைவாக உள்ளே இறங்கும்.

யோகராஜாவின் மூக்கு விடைத்தது. அந்த மூக்குக்கு அந்த மணம் நல்ல பழக்கம்.

"அக்கா," என்றார் மெதுவாக. "புரட்டாதிச் சனியில."

"தம்பி, இது மேல ஊத்தினது. அந்தத் தடியன் ஊத்தினவன். வேணுமெண்டால் என்ர வாயை மணந்து பாருங்கோ."

ஒருவரும் கிட்ட வரவில்லை. கோசலா எழும்பிக் குசினிக்குப் போனார். தேசிக்காய் வெட்டுகிற சத்தம் கேட்டது. வெறி முறிகிறதற்கு உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியைக் கொண்டுவந்து, பரமேஸ்வரியின் கையில் படாமல், மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அதற்குப் பிறகு பேச ஒன்றுமிருக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு சொட்டும் குடிக்கிறதில்லை என்று வந்தவுடனே சொன்னதும் அந்தப் பரமேஸ்வரியின் வாயால்தானே, குடித்திருந்தவர் சொன்னாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று யோகராஜா முடித்துவிட்டார். தை பிறந்ததும் அட்லிஸ்வில் முருகன் கோயிலில் சுபேசன் தக்ஷிகாவுக்குத் தாலி கட்டினான். மேல்மாடிக்கு அழைப்பிதழ் கதவிடுக்கால் வந்தது. பரமேஸ்வரி போகவில்லை. போன பெண்கள், மாப்பிள்ளை ஒவ்வொரு மேசையாக வந்து ஊர் விசாரித்தது என்ன பண்பு என்று தமிழ்க் கடையில் நின்று சொன்னார்கள். பரமேஸ்வரி உள்ளே வந்ததும் கதையை மாற்றி, அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

வட்டுக்கோட்டைத் திலக்சன் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் பேர்ண் பக்கமெல்லாம் விசாரித்தார். அவன் மாசியில் கலியாணம் முடித்து மனிசியோடு கனடாவுக்குப் போய்விட்டானாம். சுபேசனும் தக்ஷிகாவும் சூரிச்சில் குடியேறினார்கள். பங்குனி முடிய பரமேஸ்வரி லாங்கன்தால் வீட்டை விட்டு, பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாத வாயோடு, அந்த மொழியே பேசுகிற லா ஷோ-து-ஃபோனுக்கு மகனிடம் போய்ச் சேர்ந்தார்.